அத்தான் ஓட்டும் விமானம்

பெண்டாங், கெடா
25.10.2020

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். உன் அத்தான் மட்டும் தினமும் ராத்திரி விமானத்தோடு கீழே விழுகிறார். பதறாதே, கம்ப்யூட்டரில்தான்.

அவருடைய ஆசை உனக்குத் தெரியாது. அலோர்ஸ்டாருக்குப் பக்கத்தில், கெப்பாலா பத்தாஸில் விமானப்படைக் கல்லூரி இருக்கிறது. பயிற்சி விமானங்கள் வட்டமடிப்பதை அண்ணாந்து பார்த்தே வளர்ந்தவர். மாமா ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டிய காசில் பைலட் படிப்புக்கு எங்கே போவது? நெல் லாரி ஓட்டப் போய்விட்டார். ஆனால் முதல் சம்பளத்தில் வாங்கியது ஒரு ஜாய்ஸ்டிக். அது தொண்ணூறுகளில்.

இந்த வருஷம் கொரோனாவால் நடமாட்டக் கட்டுப்பாடு வந்து பள்ளிக்கூடம் வீட்டுக்கே வந்ததால் பிள்ளைகளுக்குப் புதுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். இவ்வளவு பெரிய கிராஃபிக்ஸ் கார்டு எதற்கு என்று கேட்டேன். கணக்குப் பாடத்துக்கு வேண்டுமாம். ஆகஸ்ட் 18ஆம் தேதி மைக்ரோசாஃப்ட் புது ஃப்ளைட் சிமுலேட்டரை வெளியிட்ட அன்றுதான் அது என்ன கணக்கு என்று புரிந்தது.

பரணிலிருந்து பழைய ஜாய்ஸ்டிக் இறங்கியது. அதன் முனையில் 15 ஊசி. அந்தக் காலத்தில் சவுண்ட் கார்டின் முதுகில் அதற்கென்று ஒரு துளை இருக்குமாம். இப்போது எல்லாம் யூஎஸ்பி. விண்டோஸ் விஸ்டா வந்தபோதே அந்தத் துளையைக் கைகழுவிவிட்டார்கள். இரண்டுக்கும் சம்பந்தம் பேசி முடிக்க ஒரு அடாப்டர் வாங்கினார். சம்பந்தம் கூடிவந்தது, ஆனால் விமானம் இடப்பக்கமே சாய்ந்தது. பிரித்துப் பார்த்தோம். நம் அப்பாவின் ரேடியோவில் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் குமிழுக்குள் இருக்குமே, அதே சாமான்தான் இதிலும்: கரிப்பூச்சின் மேல் ஒரு சின்னத் தகடு உரசி ஓடும். வருஷக்கணக்கில் உரசி, பூச்சு தேய்ந்துவிட்டது. பிடியை நடுவில் விட்டாலும் கம்ப்யூட்டருக்கு அது நடுவாகத் தெரியாது. உன் அத்தான் சளைக்கவில்லை. எப்போதும் வலப்பக்கம் கொஞ்சம் அழுத்திப் பிடித்தே ஓட்டிப் பழகிக்கொண்டார்.

கடைசியில் புதிது வாங்குவதென்று முடிவானது. தேடினால் எங்கும் சரக்கு இல்லை. வீட்டுக்குள் அடைபட்ட உலகம் மொத்தமும் பறக்கக் கிளம்பியிருக்கிறது! ஒருவழியாக இந்த மாதம் வந்து சேர்ந்தது. இதில் உரசலே கிடையாது. உள்ளே காந்தம், அது அசைவதை ஒரு உணர்கருவி கண்டுகொள்கிறது. விலையை அத்தையிடம் பாதியாகச் சொல்லியிருக்கிறோம். போனில் நீ உளறி வைக்காதே.

புது ஜாய்ஸ்டிக்கில் கோளாறு எதுவும் இல்லை. ஆனால் அவர் கைக்குப் பழக்கம் விடவில்லையே. கிளம்பியதிலிருந்து வலப்பக்கமே திரும்பித் திரும்பி, 1,217 மீட்டர் உயர ஜெராய் மலையில் போய் முட்டுகிறார். கடாரத்துக்கு வந்த கப்பல்காரர்கள் இந்த மலையை அடையாளமாக வைத்துக் கரை சேர்ந்தார்களாம். இவருக்கும் அதுதான் அடையாளம், கரை சேர்வதுதான் இல்லை.

போன வெள்ளிக்கிழமை விடுமுறையில் என்னைத் தாய்வீட்டுக்கு அழைத்துப் போவதாகச் சொல்லி, பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தார். நிஜ விமானம்தான் ஓடவில்லையே, இதிலாவது போவோம் என்று நானும் உட்கார்ந்தேன். அலோர்ஸ்டாரிலிருந்து திருச்சிக்குச் சுமார் 2,400 கிலோமீட்டர். அவர் எடுத்ததோ குட்டி செஸ்னா. நிக்கோபாரைத் தாண்டிக் கடல் நடுவில் எண்ணெய் தீர்ந்தது. நான் எழுந்துபோய் உலை வைத்தேன்.

நம் சிவகங்கையை இங்கே இப்போது எல்லோருக்கும் தெரியும். ஜூலையில் அங்கிருந்து திரும்பிய ஒருவரால் கூபாங் பாசு பக்கம் பரவிய தொற்றுக்கு ‘சிவகங்கா’ என்றே பெயர் வைத்து தினமும் டிவியில் சொன்னார்கள். எந்த ஊர் என்று கேட்டால் மதுரைப் பக்கம் என்று சொல்லித் தப்பிக்கிறேன்.

இன்று ஆயுத பூஜை. கெடாவில் ஞாயிறு வேலைநாள் என்பதால் விடியும் முன்பே லாரிக்குச் சந்தனம் வைத்தாயிற்று. சாமி முன்னால் ஸ்பேனர், புது ஜாய்ஸ்டிக், பக்கத்தில் பழையதும். “ஓடாததுக்கு எதுக்குப் பூஜை?” என்றார் அத்தை. ஓட வைக்கிறேன் என்கிறார் உன் அத்தான். ஆகவே அப்பாவின் ரேடியோவை எடைக்குப் போட்டுவிடாதே. அந்தக் குமிழைக் கழற்றிப் பத்திரமாக வை. விமானம் விட்டதும் முதலில் வருகிறவரிடம் கொடுத்தனுப்பு.

அன்புடன்,
அக்கா