புகை வந்தால் நல்ல சேதி

கேள்வி: என் டீசல் காரின் பார்க்கிங் ஹீட்டர், சுவிட்சைப் போட்டதும் உறுமுகிறது, குபுகுபுவென்று வெள்ளைப் புகை விடுகிறது, கொஞ்ச நேரத்தில் அணைந்துவிடுகிறது. மெக்கானிக் புதிதாகவே மாற்றச் சொல்கிறார். மாற்றிவிடட்டுமா?
- ஒரு வாசகர், ஓஸ்லோ

பதில்: அவசரப்படாதீர்கள்! புகை வருகிறதல்லவா, அதுவே நல்ல சேதி. டீசல் உள்ளே போகிறது, ஈர விறகு மாதிரி பற்றிக்கொள்ளத்தான் மறுக்கிறது. ஆகவே பம்ப்பை விட்டுவிடுங்கள். சந்தேகப்பட வேண்டியது பேட்டரி, டீசலைப் பற்றவைக்கும் க்ளோ பின், எரியறையில் படிந்த கரி.

முதலில் பேட்டரி. க்ளோ பின் பழுக்கும்போது மின்சாரத்தை மடமடவென்று குடிக்கும். வோல்டேஜ் ஏறக்குறைய பத்தரைக்குக் கீழே இறங்கினால் ஹீட்டர் தானாகவே நின்றுவிடும். சும்மா நிற்கும் காரில் மல்டிமீட்டர் 12.6 காட்டுவதை நம்பாதீர்கள். ஹீட்டர் கிளம்பும் அந்தக் கணத்தில் முள் எங்கே விழுகிறது என்று பாருங்கள்.

பேட்டரி தேறிவிட்டால், ஹீட்டரைப் பிரித்துக் கரியைச் சுரண்டி, க்ளோ பின்னையும் கேஸ்கட்டையும் மாற்றச் சொல்லுங்கள். இதற்கே தயங்குகிற மெக்கானிக்கை மாற்றுவது, ஹீட்டரை மாற்றுவதைவிட மலிவு! பல தடவை பற்றாமல் போனால் ஹீட்டர் தன்னைத்தானே பூட்டிக்கொள்ளும். ரிப்பேருக்குப் பிறகு அந்தப் பூட்டையும் திறக்க வேண்டும்.

கோடை முழுக்கச் சும்மா கிடப்பதும் இந்தக் கோளாறுக்கு ஒரு காரணம். ஜூலையிலும் மாதம் ஒருமுறை பத்து நிமிடம் ஓடவிடுங்கள். மூடிய கராஜுக்குள் மட்டும் வேண்டவே வேண்டாம்: அந்தப் புகையில் கார்பன் மோனாக்சைடு இருக்கிறது, அதற்கு வாசனை கிடையாது.