ராகு காலமும் வேலைத்திறனும்: தினசரித் தாளை முன்வைத்து ஓர் ஆய்வு

நேர மேலாண்மை பற்றி எழுதுவோர் பலரும் இத்தாலிக்குப் போய்விடுகிறார்கள். 1980-களின் இறுதியில் பிரான்செஸ்கோ சிரில்லோ என்ற மாணவர் தக்காளி வடிவச் சமையலறைக் கடிகாரத்தை முடுக்கிவைத்து 25 நிமிடம் படிப்பு, 5 நிமிடம் ஓய்வு என்று முறை வகுத்ததை வியக்கும் இவர்கள், நம் வீட்டுச் சுவரில் ஆணியில் தொங்கும் தினசரி நாட்காட்டியைக் கிழித்துப் பார்த்ததாகத் தெரியவில்லை. பகல் 12 மணி நேரத்தை எட்டாக வகுத்து, ஒன்றரை மணி நேரத் துண்டுகளை ராகுவுக்கும் எமகண்டத்துக்கும் குளிகைக்கும் ஒதுக்கித் தரும் அந்த அட்டை, மளிகைக் கடையில் இலவசமாகக் கிடைப்பதாலேயே ஆய்வுலகின் கண்ணுக்குத் தப்பிவிட்டது. ஆளிடம் வேலை வாங்குவதில் ராகு காலத்துக்கு நிகரான கருவி இல்லை என்பதே இக்கட்டுரையின் துணிபு. ராகு என்றொரு கிரகம் உண்டா என்பது வானியலார் பாடு.

மனிதனுக்குத் தன் வேலை எப்போது முடியும் என்பது தெரியாது. 1994-இல் வெளியான ஒரு கனடிய ஆய்வில், பட்ட ஆய்வேட்டைச் சராசரியாக 34 நாளில் முடித்துவிடுவோம் என்ற மாணவர்களுக்குச் சுமார் 55 நாள் பிடித்தது. கெடு வைத்தால் தீருமே என்பீர்கள். கெடுவை மதிப்பவர் யார்? 2025-இல் வருமானவரிக் கணக்குக்கான கடைசி நாள் ஜூலை 31-இலிருந்து செப்டம்பர் 15-க்குப் போனது. போதாதென்று இன்னொரு நாளும் கிடைத்தது. ராகு அப்படி அவகாசம் கொடுத்ததாக வரலாறு இல்லை. வேட்புமனுத் தாக்கலுக்குச் சட்டம் காலை 11 முதல் மாலை 3 வரை நேரம் தருகிறது. வியாழக்கிழமை ராகு காலம் 1.30 முதல் 3 வரை. ஆக, சட்டம் தந்த நான்கு மணி நேரம் இரண்டரையாகச் சுருங்குகிறது. ஊர்வலம், மாலை, மாற்று வேட்பாளர், கையெழுத்து விடுபட்ட படிவம் எல்லாம் அதற்குள் எப்படியோ அடங்கிவிடுகின்றன. கிடைக்கிற நேரம் முழுவதற்கும் வேலை ஊதிப் பெருகும் என்று 1955-இல் எழுதிய பார்க்கின்சன், அந்த வீக்கத்தை வடியவைப்பவர் யார் என்று சொல்லாமல் விட்டார்.

தினமும் ஒன்றரை மணி நேரம் வீண்தானே என்பது முதல் ஆட்சேபம். சாத்திரத்தைச் சரியாகப் படிக்காததால் வருவது இது. ராகு காலத்தில் எதையும் தொடங்கத்தான் கூடாது. தொடங்கியதைத் தொடரத் தடையில்லை. வெள்ளிக்கிழமை 10.25-க்கு ஒரு கோப்பைத் திறந்தவர், 12 வரை வேறு கோப்பைத் தொட முடியாது, புதிதாக ஒரு வாட்ஸ்அப் சண்டையையும் ஆரம்பிக்க முடியாது. கவனம் சிதறாமல் ஒரே வேலையில் ஒன்றரை மணி நேரம் உட்காருங்கள் என்று மேல்நாட்டு வல்லுநர்கள் கட்டணம் வாங்கிக்கொண்டு சொல்வது வேறென்ன? சோம்பேறிகளுக்கு இது நல்ல சாக்காகிவிடாதா என்பது அடுத்தது. ஆகும்தான். ஆனால் 'மூடு இல்லை' என்ற சாக்குக்கு முடிவு தேதி கிடையாது. 'ராகு காலம்' என்ற சாக்கு 12 மணிக்குச் செத்துவிடும், அதற்குப் பிறகு எழுந்துதான் ஆகவேண்டும். சூரிய உதயம் தினமும் ஆறு மணிக்கா என்று கேட்கும் நுணுக்கக்காரர்கள் தங்கள் ஜோதிடரைப் பார்த்துக்கொள்ளலாம்.

குளிகையைத் தனியாகவே ஆராய வேண்டும். அந்நேரம் செய்தது திரும்பத் திரும்ப நடக்கும் என்பதால் நகை வாங்கலாம், கடன் வாங்கக் கூடாது என்பார்கள். ஒரு பழக்கம் படிய ஏறத்தாழ 66 நாள் ஆகும் என்கிறது லண்டன் பல்கலைக்கழகக் கல்லூரி ஆய்வு ஒன்று. குளிகையில் நடைப்பயிற்சியைத் தொடங்கினால் 65 நாள் மிச்சம். அதே குளிகையில் ரீல்ஸ் பார்க்கத் தொடங்கியவரின் கதியை விளக்கத் தேவையில்லை.

மீதியிருப்பது ஒரு சிக்கல். வரும் வாரத்தை ஞாயிறு மாலையே திட்டமிடுங்கள் என்று வெற்றி வழிகாட்டிகள் பலர் சொல்கிறார்கள்; ஞாயிறு 4.30 முதல் 6 வரையோ ராகு காலம், திட்டம் தொடங்கக் கூடாது. மேற்சொன்ன விதியின்படி, 4.30-க்கு முன்பே தொடங்கிவிட்ட மதியத் தூக்கத்தைத் தொடர்வதற்கு மட்டும் எந்தத் தடையும் இல்லை.