எடிசனின் ஒரு மைல் சாம்ராஜ்யம்

1882-ல் நியூயார்க்கின் பேர்ல் ஸ்ட்ரீட்டில் தாமஸ் ஆல்வா எடிசன் மின்நிலையம் திறந்தார். 110 வோல்ட், ஒரே திசையில் ஓடும் டிசி கரண்ட். பேங்கர் ஜே.பி. மார்கன் ஆபீஸிலேயே பல்பு பளிச்சென்று எரிந்தது. என்ன, ஒரு மைல் தாண்டினால் வெளிச்சம் அழுதுவடியும். உலகத்துக்கே விளக்கேற்றக் கிளம்பிய மனிதருக்கு அடுத்த பேட்டை எட்டவில்லை!

வோல்டேஜ் குறைவு என்றால், அதே பவரை அனுப்ப கரண்ட் நிறைய ஓடியாக வேண்டும். கரண்ட் இரண்டு மடங்கானால் கம்பி சூடாகி வீணாவது நாலு மடங்கு. தடித்தடியாகச் செம்புக் கம்பி போட்டுச் சமாளிக்கலாம். செம்பு வியாபாரி மாளிகை கட்டுவான்.

வோல்டேஜைப் பத்து மடங்கு ஏற்றிப் பாருங்கள், நஷ்டம் நூறில் ஒரு பங்குதான். ஆனால் அந்த வோல்டேஜை அப்படியே வீட்டுக்குள் விட்டால் பல்பு மட்டுமா போகும்? இங்கேதான் டிரான்ஸ்ஃபார்மர் வருகிறது. ஓர் இரும்பு கோர், அதன்மேல் இரண்டு காயில். எந்தக் காயிலில் எத்தனை சுற்று என்பதைப் பொறுத்து வோல்டேஜ் ஏறும், இறங்கும். அசைகிற பாகம் ஒன்றுகூடக் கிடையாது. ஒரே பிடிவாதம், திசை மாறி மாறி ஓடும் ஏசி கரண்டுக்குத்தான் மசியும். டிசியைக் கொடுத்தால் சும்மா சூடாகிக்கொண்டு உட்கார்ந்திருக்கும்.

1886-ல் கிரேட் பேரிங்டன் என்ற சின்ன ஊரில் வில்லியம் ஸ்டான்லி 500 வோல்ட்டை ஊருக்குள் அனுப்பி, கடைகளுக்கு அடியில் டிரான்ஸ்ஃபார்மர் வைத்து இறக்கி, விளக்கு போட்டுக் காட்டினார். அவருக்குப் பின்னால் நின்றவர், ரயில் பிரேக்கில் சம்பாதித்த ஜார்ஜ் வெஸ்டிங்ஹவுஸ். எடிசனும் ஏசிக்கு மாறியிருக்கலாம். மேதையாயிற்றே, அதெப்படி மாறுவார்?

'ஏசி ஆளைக் கொல்லும்' என்று பிரச்சாரம் கிளம்பியது. ஹெரால்ட் பிரவுன் என்ற இன்ஜினீயர், எடிசன் லேபின் உதவியோடு நாய்களை ஏசி கொடுத்துக் கொன்று காட்டினார். பாவம், வோல்டேஜ் அரசியலில் நாய்க்கு என்ன வேலை? 1888-ல் பிரவுன் ஐயா ஒரு படி மேலே போய் வெஸ்டிங்ஹவுஸையே சண்டைக்குக் கூப்பிட்டார். நீ ஏசியைப் பிடி, நான் டிசியைப் பிடிக்கிறேன். 100 வோல்ட்டில் ஆரம்பித்து ஐம்பது ஐம்பதாக ஏற்றுவோம். போதும் என்று கத்துகிறவன் தன் தப்பை ஊரறிய ஒத்துக்கொள்ள வேண்டும். யூடியூப் மட்டும் அன்றைக்கு இருந்திருந்தால்! வெஸ்டிங்ஹவுஸ் தன் வேலையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

1896-ல் நயாகரா அருவியின் மின்சாரம் 11,000 வோல்ட்டில் பஃபலோ நகரம்வரை ஓடியது. ஏறத்தாழ 26 மைல், எடிசன் எல்லையைத் தாண்டி 25.

ஏசியை வளர்த்ததற்காக 1911-ல் வெஸ்டிங்ஹவுஸுக்கு அமெரிக்க மின் பொறியாளர்கள் சங்கம் கொடுத்த கௌரவத்தின் பெயர், எடிசன் மெடல்.