பெருச்சாளிக்குக் கட்டுச்சோறு

லினக்ஸ் ஒரு புற்றுநோய் என்று 2001இல் மைக்ரோசாஃப்டின் தலைமை அதிகாரி ஸ்டீவ் பால்மர் திருவாய் மலர்ந்தபோது கட்டற்ற மென்பொருள் வீரர்கள் கொதித்தார்கள். அதே கம்பெனி 2018இல் நிரல்களைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பை 750 கோடி டாலருக்கு வாங்கியபோதும் கொதித்தார்கள். கொதித்து முடித்து, அன்றைக்கு எழுதிய நிரலை வழக்கம்போல் அங்கேயே கொண்டுபோய்க் கொட்டினார்கள்.

சூடு படாதவர்களா? அதுவும் இல்லை. லினக்ஸ் கெர்னலே ஒரு காலத்தில் நிரல் மாற்றங்களின் வரலாற்றைக் காக்கும் பிட்கீப்பர் என்ற தனியார் மென்பொருளின் ஓசித் திண்ணையில் படுத்திருந்தது. 2005இல் திண்ணைக்காரர் ஓசி கிடையாது என்றார். லினக்ஸைப் படைத்த லினஸ் டோர்வால்ட்ஸ் உட்கார்ந்து அதற்கு மாற்றாகக் கிட்டை எழுதினார். குளோன் செய்த ஒவ்வொருவர் கணினியிலும் நிரலின் முழு வரலாறும் இருக்கும். யார் வாசலிலும் போய் நிற்க வேண்டாம். ஜமீன்தாரே தேவைப்படாத நிலம்! அந்த நிலத்தின் பத்திரங்களைத்தான் மூட்டை கட்டி கிட்ஹப் ஜமீனில் ஒப்படைத்திருக்கிறோம். கூலி, பங்களிப்புக்கு நாலு பச்சைக் கட்டமும் பாராட்டுக்குப் பத்து ஸ்டாரும்.

ஜமீன் சும்மா இருக்குமா? 2019இல் அமெரிக்கத் தடையைக் காட்டி ஈரான், சிரியாக்காரர்களின் தனி ரெப்போக்களுக்குப் பூட்டுப் போட்டது. பிறகு நம் பொது நிரல்களைப் படித்துப் பழகிய, நிரல் எழுதித் தரும் கோபைலட் வந்தது. 2022இல் மாதம் 10 டாலர் என்றார்கள். பெருச்சாளியை உள்ளே வைத்துக் கட்டுச்சோறு கட்டினோம். இப்போது நம் சோற்றையே அது நமக்குப் பொட்டலம் போட்டு விற்கிறது. நாமும் வரிசையில் நிற்கிறோம், கார்டோடு.

வேறு வழியில்லையாம். பெர்லினில் கோட்பெர்க் என்று லாப நோக்கில்லாத சங்கம் ஒன்று, நன்கொடையிலும் சந்தாவிலும் கிட்ஹப்பின் வேலையையே செய்கிறது. அதை இயக்கும் மென்பொருளான ஃபோர்ஜேயோ பிறந்த கதையைக் கேளுங்கள்: அதன் தாய் மென்பொருளான கிட்டீயின் பெயரும் முத்திரையும் ஒரு கம்பெனி கைக்குப் போனது 2022 அக்டோபரில், டிசம்பருக்குள் ஒரு கூட்டம் நிரலைப் பிரித்து எடுத்துக்கொண்டு வெளியேறிவிட்டது. முதுகெலும்பு என்பது அது. ஒரு பழைய கணினி இருந்தால் ஃபோர்ஜேயோவை நம் வீட்டிலேயே ஓட்டலாம். ஸிக் என்ற நிரல்மொழிக்காரர்கள் 2025இல் மூட்டை முடிச்சோடு கோட்பெர்க்குக்குக் கிளம்பிவிட்டார்கள்.

நம்மவர்களைக் கேட்டால், “அங்கே கூட்டமே இல்லையே, சார்” என்கிறார்கள். டாஸ்மாக்கிலும்தான் கூட்டம்.

கிட்ஹப்பை விட்டு வெளியேறுவது எப்படி என்று தமிழில் கையேடு எழுதும் நண்பர் ஒருவர் இருக்கிறார். நல்ல கையேடு, உழைப்பு தெரிகிறது. எங்கே கிடைக்கும் என்று கேட்டேன். சுட்டி அனுப்பினார். கிட்ஹப்.

“அப்படியே ஒரு ஸ்டார் போட்டுருங்க, தோழர்.”