அடித்தண்ணி பிடிப்பது எப்படி?

வெளிநாட்டில் சில பேர் காருக்குப் பின்னால் வீட்டையே மாட்டி இழுத்துக்கொண்டு ஊர் சுற்றுகிறார்கள். கட்டில், அடுப்பு, கக்கூஸ் எல்லாம் அதற்குள்ளேயே. நல்ல தண்ணீருக்கென்று தனியாக ஒரு தொட்டி. அதில் எழுதியிருக்கிற லிட்டர் முழுசாகக் குழாயில் வருவதில்லையே என்பது அவர்களுக்குப் பெருங்கவலை. ஆரம்பாக்கத்திலிருந்து பழவேற்காடு ஏரிப் பக்கம் இறங்கினால் வரும் குப்பங்களில் ஏற்பாடு கொஞ்சம் வேறு. இங்கே வீடு நிற்கும், தொட்டிதான் ஊர் சுற்றும். டிராக்டர் இழுத்து வரும். கவலை மட்டும் அதே கவலை.

ஆகவே, விவரம் தெரிந்த அக்காமார் சொல்லக் கேட்டும், பல நாள் அரைக் குடத்தோடு திரும்பியும் நான் கற்றதை எழுதி வைக்கிறேன்.

முதலில் காத்திருக்கப் பழகுங்கள். பழவேற்காடு ஏரியைப் பார்த்தபடி காத்திருக்கலாம். சில்காவுக்கு அடுத்து நாட்டிலேயே பெரிய உப்பங்கழி இது. பூநாரை பார்க்க வருகிறவர்கள், “இவ்ளோ தண்ணி இருக்கே, உங்களுக்கு இன்னா குறை?” என்பார்கள். கோபப்படாதீர்கள். ஐப்பசி கார்த்திகையில் ஆரணியாறும் காளங்கியும் வந்து விழும்போது ஏரியில் உப்பு இறங்கும். சித்திரை வெயிலில் ஏறிவிடும். எந்த மாதமானாலும் அதில் பருப்பு வேகாது, சோப்பு நுரைக்காது. இதை விளக்கிச் சொல்வதற்குள் டிராக்டர் வந்துவிடும். விருந்தாளியை விட்டுவிட்டு ஓடுங்கள். இது எல்லை ஊர். “தண்ணி” என்று ஒரு வீட்டில் குரல் கேட்கும், “நீள்ளு” என்று அடுத்த வீட்டில். இரண்டுக்கும் ஒரே டிராக்டர்தான்.

இப்போது முக்கியமான கட்டம். டேங்கரின் குழாய் பின்பக்கம் அடியில் இருக்கும். வண்டி எங்கே நிற்கிறது என்பதைவிட எந்தப் பக்கம் சாய்ந்து நிற்கிறது என்பதைப் பாருங்கள். படுக்கை வாக்கில் கிடக்கும் ஐயாயிரம் லிட்டர்த் தொட்டியின் முன்பக்கம் ஆறங்குலம் தாழ்ந்து நின்றால், குழாய் நின்ற பிறகும் உள்ளே நூறு லிட்டர் முன்மூலையில் பதுங்கிக் கிடக்கும். குடத்தில் சொன்னால் ஏழு குடம். வெளிநாட்டுக்காரர் ஜாக்கி வைத்து முன்பக்கத்தைத் தூக்குவார். நமக்கு ஜாக்கி இல்லை. ஆனால் ரோடு மேடும் பள்ளமுமாகத்தான் போட்டிருக்கிறார்கள். அதைப் பயன்படுத்திக்கொள்ள வேண்டும்.

எங்கள் தெருவில் இதற்கென்றே ஒரு அக்கா இருக்கிறார். வண்டி நின்றதும் மற்றவர்கள் குடத்தோடு பாய்வார்கள், அவர் பாய்வதில்லை. குனிந்து டயரைப் பார்ப்பார். “நைனா, ரெண்டடி முன்னால எடு. அந்த மேட்டுல ஏத்தி நிறுத்து.” டிரைவர் முனகிக்கொண்டே எடுப்பார். கடைசியில் குழாய் இளைத்து, நூலாகி, சொட்டாகும். “அவ்ளோதாங்க்கா, காலி.” அக்கா பதில் பேசாமல் விரலை மடக்கித் தொட்டியின் வயிற்றில் தட்டுவார். மேலே டண் டண் என்கிற ஓசை, கீழே வரவர அமுங்கி தொப் என்று விழும். அந்த இடத்தில் உள்ளங்கையை வைத்தால் இரும்பு சில்லென்றிருக்கும். “இதுக்கு இன்னா பேரு நைனா, காலியா?” வண்டி இன்னும் ஓரடி மேடேறும். பெரும்பாலும் இரண்டு குடம் தேறும். படித்தவன் என்ற தைரியத்தில் ஒருநாள் நானும் தட்டிப் பார்த்தேன். எனக்கு எல்லா இடமும் ஒரே மாதிரிதான் கேட்டது.

வீட்டுக்கு வந்த தண்ணீரை சின்டெக்ஸில் ஊற்றுவீர்கள். எந்தக் கம்பெனித் தொட்டியானாலும் ஊர் வாயில் சின்டெக்ஸ்தான். அதன் குழாயை அடியோடு ஒட்டி வைக்கமாட்டார்கள். வண்டல் வரக்கூடாது என்று கொஞ்சம் மேலே வைப்பார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் மூன்றடி அகலத் தொட்டியில் ஓர் அங்குலத் தண்ணீர் என்றால் ஏறக்குறைய பதினேழு லிட்டர், ஒரு குடத்துக்கும் சற்று மேல். குழாய் இரண்டு அங்குலம் மேலே இருந்தால் இரண்டு குடம் நல்லெண்ணத்திற்கே போய்விடும். உடனே ஒரு பக்கம் செங்கல்லைக் கொடுத்துச் சாய்க்கலாம் என்று தோன்றும். வேண்டாம். நிறைந்த 500 லிட்டர்த் தொட்டி அரை டன் கனம். அடிப்பாகம் முழுக்கப் படிந்து உட்காராவிட்டால் விரிசல் விடும். பிறகு கடைசித் தண்ணீரும் இருக்காது, முதல் தண்ணீரும் இருக்காது. மேடை கட்டும்போதே கொத்தனாரிடம் குழாய்ப் பக்கம் ஒரு நூல் வாட்டம் கொடுக்கச் சொல்லுங்கள். கட்டி முடித்தவர்களுக்கு இருக்கவே இருக்கிறது மூடி. வீட்டில் ஒல்லியான பையன் யார் என்று பார்த்து, சொம்பைக் கையில் கொடுத்து உள்ளே இறக்குங்கள். பெரிய பரீட்சைக்கு முந்தின நாளாக மட்டும் இருக்க வேண்டாம்.

செலவழிக்கும் வரிசை எல்லோருக்கும் தெரிந்ததே. இறாலையும் மீனையும் முதலில் ஏரித் தண்ணீரில் அலசி, அரிசி களைந்த தண்ணீரில் கவிச்சி போக உலசி, கடைசியாக ஒரே ஒரு சொம்பு நல்ல தண்ணீர். அந்தச் சொம்பும் தரையில் விழாமல் முருங்கைக்குப் போகவேண்டும். போகிறதா என்று பார்க்க வீட்டில் ஆயா இருப்பார்.

கடலுக்குப் போகிறவர்களுக்குத் தனியாக ஒரு வரி. பைபர் படகில் 20 லிட்டர் கேனை எடுத்துப் போகும்போது மூடியை இறுக்குங்கள். கடல் தண்ணீரில் லிட்டருக்கு 35 கிராம் உப்பு. அதில் ஒரு லிட்டர் கேனுக்குள் தெறித்து விழுந்தால், குடிநீருக்கு இந்தியத் தரம் விரும்பும் லிட்டருக்கு 500 மில்லிகிராம் அளவைப்போல மூன்று மடங்குக்கு மேல் போய்விடும். அலையோடு சண்டை போடலாம், கேனோடு போட முடியாது.

நம் கும்மிடிப்பூண்டி தாலுகாவிலேயே ஒரு பெரிய தொட்டி உண்டு. கண்ணன்கோட்டை–தேர்வாய்கண்டிகை நீர்த்தேக்கம், 2020-இல் திறந்தது, 500 மில்லியன் கன அடி, சென்னைக்குக் குடிக்க. அணைகளிலும் மதகுக்குக் கீழே எட்டாத தண்ணீர் உண்டு. 2019 கோடையில் சென்னை ஏரிகள் வறண்டபோது அடியில் கிடந்ததை மோட்டார் வைத்து இறைத்தார்கள். எங்கள் அக்காவைக் கேட்டிருந்தால் ஏரியை மேட்டில் ஏற்றி நிறுத்தச் சொல்லியிருப்பார்.

எல்லாம் முடிந்து வண்டி கிளம்பும்முன் ஒன்றைக் கவனியுங்கள். டிரைவர் வேர்வையைத் துடைத்துக்கொண்டு சீட்டுக்கடியில் கைவிட்டு ஒரு பாட்டிலை எடுத்து மடக் மடக்கென்று குடிப்பார். அது தொட்டித் தண்ணீர் இல்லை. எங்கே பிடித்தது என்று நைசாகக் கேட்டு வையுங்கள்.