கிழட்டு டிராக்டருக்கு ஆயில்: முதல், கரு, உரி நோக்கில் ஓர் ஆய்வு

நோக்கம்: பழைய டிராக்டருக்கு எந்த ஆயில் ஊற்றுவது என்ற கேள்விக்கு நம் ஊரில் இதுவரை பதில்கள் மட்டுமே இருந்தன, ஆய்வு இல்லை. அக்குறையை இக்கட்டுரை நீக்குகிறது. ஆய்வுப்பொருள், மன்னார்குடிப் பக்கம் ஒரு மாட்டுக்கொட்டகையில் நிற்கும் டீசல் டிராக்டர். நேரில் பார்த்தால் நடுநிலை கெடும் என்பதால் ஆய்வாளர் கொட்டகைக்குப் போகவில்லை.

1. முதற்பொருள் (நிலம்): மருதம். மேற்செல்வோம்.

2. முதற்பொருள் (பொழுது): ஆயில் டப்பாவின் மேல் ‘15டபிள்யூ-40’ என்றொரு சூத்திரம் காணப்படுகிறது. தர எண்களை வகுத்தவர்கள், 1905-இல் அமெரிக்காவில் தோன்றிய வாகனப் பொறியாளர் சங்கத்தார். சூத்திரம் ஓரடி, உரைகளோ பல. டபிள்யூ என்பது ‘வெயிட்டு’ என்பார் மெக்கானிக் (ஷெட் சுவர், கரியெழுத்து). ‘வாட்டர்’ என்பார் லூஸ் ஆயில் விற்பவர். அவருடைய சரக்குக்கு அது பொருந்தும். ‘வண்டி’ என்ற தமிழ்ச்சொல்லே கடல் கடந்து முதலெழுத்தாகச் சுருங்கியது என்பார் ஓர் அறிஞர் (டீக்கடைப் பெஞ்சுச் சாசனம், இடது ஓரம், உளுத்த பகுதி, மூன்றாம் கிறுக்கல்; அவரே அவரை மேற்கோள் காட்டி வழிமொழிந்தது: வடை மடித்த தாள், எண்ணெய் படாத மூலை).

உண்மையில் அது ‘விண்டர்’, குளிர்காலம். உறைநிலைக்குக் கீழே 20 டிகிரியிலும் எஞ்சின் சுற்றும் அளவுக்கு ஆயில் இளகி நிற்கும் என்பது 15-இன் பொருள். 100 டிகிரிச் சூட்டில் அதற்கு எவ்வளவு கெட்டித்தன்மை மிஞ்சும் என்பதைச் சொல்வது 40. ஆனால் தமிழருக்குப் பனிப்பருவம் இரண்டு. விண்டர் முன்பனியா, பின்பனியா? ஆய்வுலகம் இரண்டுபட்டது. முன்பனிக் கட்சி மலர் வெளியிட்டது. பின்பனிக் கட்சி கருத்தரங்கு கூட்டி, மதியச் சாப்பாட்டோடு கலைந்தது. மார்கழி விடியலில் மப்ளர் சுற்றிக்கொண்டு நாம் நடுங்கும்போதும் மன்னார்குடியில் சுமார் 20 டிகிரி இருக்கிறது, உறைநிலைக்கு மேலே. இந்த 40 டிகிரி இடைவெளியை ‘பாடபேதம்’ என்று இரு கட்சியும் அடிக்குறிப்பில் தள்ளின.

இனி மூலபாடச் சிக்கல். சூட்டில் நீர்த்துவிடாதிருக்க, இப்படி இரண்டு எண் தாங்கிய பல்தர ஆயிலில் பாலிமர் சேர்ப்பார்கள். ஆகவே அது இடைச்செருகல் உடையது. ஒற்றைத் தர 40 மட்டுமே மூலபாடம் எனத் தூயவாதிகள் முழங்குகிறார்கள். அவர்கள் வீட்டில் டிராக்டர் இல்லை.

3. கருப்பொருள்: பெயரே விளக்கம். ஓடிய டீசல் ஆயில் கறுக்கும். கரியைத் தன்னில் ஏந்திக்கொண்டது என்று பொருளே தவிர, அதனாலேயே கெட்டுவிட்டது என்று பொருளல்ல. பால்போல் வெளுத்தால்தான் தண்ணீர் கலந்திருக்கும். உடனே வண்டியை நிறுத்துக.

4. உரிப்பொருள்: வாஷர் வழியே ஆயில் சொட்டுவது பிரிதல். மெக்கானிக் வரும்வரை இருத்தல். பில்லைக் கண்டதும் இரங்கல். நீலப்புகை வந்தால் பெரும்பாலும் பிஸ்டன் ரிங் தேய்ந்து ஆயில் எரிகிறது. கெட்டி ஆயில் ஊற்றினால் புகை குறையலாம், ரிங் வளராது.

5. முடிவுரை: கையேட்டில் போட்டிருக்கும் தரத்தை வாங்குக. 250 மணி ஓடியதும் ஆயிலையும் ஃபில்டரையும் மாற்றுவது பொதுவழக்கு. மணி காட்டும் மீட்டர் நின்றுபோயிருந்தால் நடவுக்கு முன் ஒருமுறை, அறுப்புக்குப் பின் ஒருமுறை என வைத்துக்கொள்க. இதைச் சொல்ல இவ்வளவு பக்கம் தேவையா என்போர் முனைவர் பட்டம் வாங்காதவர்கள்.

பிற்சேர்க்கை: கட்டுரையை டிராக்டர் ஓட்டும் அண்ணனிடம் வாசித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, “எல்லாம் சரிதான் தம்பி, குச்சிய உருவிப் பாத்தியா?” என்றார்.

முதன்முறையாகக் கொட்டகைக்குப் போனோம். ஆயில் அளவு பார்க்கும் குச்சியின் நுனிகூட நனையவில்லை. ஆய்வு நடந்த எட்டு மாதமும் ஆயில் சொட்டிக்கொண்டே இருந்திருக்கிறது. எந்த ஆயில் ஊற்றியிருந்தார்கள் என்று இனி அறிய வழியில்லை. ‘மறைந்துபோன நூல்கள்’ வரிசையில் சேர்த்துவிட்டேன்.