பூங்காவுக்கு வந்த கூத்து

2007 பிப்ரவரியில் ஒரு மாலை, மயிலாப்பூர் நாகேஸ்வர ராவ் பூங்காவின் மதிலோரம் காய்ந்த சருகையும் பழைய செய்தித்தாளையும் கூட்டித் தீமூட்டி, நாலைந்து பேர் பறையைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். தோல் சூடேற ஏற விரலால் சுண்டிக் காது கொடுத்துப் பார்ப்பதும், போதாது என்று மறுபடி அனலில் காட்டுவதுமாக அவர்கள் தங்கள் வேலையில் இருக்க, அன்றாடம் அந்த நேரத்துக்கு அங்கே நடக்க வருகிறவர்கள் நடையை நிறுத்திவிட்டுச் சுற்றி நின்றார்கள். சிண்டுக்குச்சி முதல் தட்டுத் தட்டி, அடிக்குச்சி அதோடு சேர்ந்துகொண்டதும், எனக்குப் பக்கத்தில் நின்றிருந்த பெரியவர் ஒருவர் கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டார். அவர் எந்த ஊர்க்காரர் என்று நான் கேட்கவில்லை. அந்தச் சத்தம் கேட்கிற ஏதோ ஓர் ஊர்க்காரர் என்பது முகத்திலேயே தெரிந்தது.

சென்னை சங்கமத்தின் முதல் ஆண்டு அது. தமிழ் மையம் என்ற அமைப்பும் அரசின் சுற்றுலா, பண்பாட்டுத் துறையும் சேர்ந்து நடத்தின. மேடைக்குக் கலைஞனை அழைப்பதுதான் அதுவரை நகரத்து வழக்கம். டிக்கெட்டோ அழைப்பிதழோ கையில் இருப்பவர் உள்ளே, இல்லாதவர் வெளியே. இந்த விழாவில் ஆட்டமும் பாட்டும் மக்கள் ஏற்கெனவே கூடுகிற இடங்களுக்கு, பூங்காவுக்கும் கடற்கரைக்கும் தெருவுக்கும், தேடிக்கொண்டு வந்தன. தேவராட்டம், ஒயிலாட்டம், புலியாட்டம், பொய்க்கால் குதிரை, தோல்பாவைக் கூத்து என்று பள்ளிப் புத்தகத்தில் பெயராக மட்டும் படித்தவற்றை என் பிள்ளைகள் மூன்றடி தூரத்தில் பார்த்தார்கள். பொய்க்கால் குதிரைக்காரர் கட்டைக்காலில் நின்றபடி குனிந்து என் மகளின் கன்னத்தைத் தட்டிவிட்டுப் போனார். அதை அவள் இன்றைக்கும் சொல்கிறாள்.

எனக்கோ அந்த மாலைகளில் உடம்பு பூங்காவில் இருந்தாலும் மனம் செய்யாற்றுப் பக்கம் போய்விடும். எங்கள் பகுதியில் திரௌபதி அம்மன் கோயில் உள்ள ஊர்களில், அறுப்பு முடிந்து வெயில் ஏறும் மாதங்களில் பாரதம் வைப்பார்கள். பகலில் பிரசங்கியார் மகாபாரதம் சொல்வார். அதே கதையை இரவில் கூத்தாடுவார்கள். மத்தியானச் சாப்பாடு ஆனதும் அத்தை என் கையில் ஒரு சாக்கைக் கொடுத்தனுப்புவாள். கூத்துக் களரிக்கு முன்னால் அதை விரித்து, நாலு மூலையிலும் கல் வைத்துவிட்டு வந்தால் அன்றிரவு அந்த இடம் எங்களுக்கு. கல்லை யாரும் நகர்த்தியதாக நினைவில்லை. இருட்டியபின் வேர்க்கடலையும் முறுக்குமாகப் போய் உட்கார்ந்தால், பத்து மணிக்கு மேல் பெட்ரோமாக்ஸ் விளக்கின் இரைச்சலோடு முகவீணை சேர்ந்துகொள்ளும். இரண்டு பேர் பிடித்திருக்கும் திரைக்குப் பின்னால் வேஷக்காரர் பாடியபடி நிற்க, திரைக்குக் கீழே தெரிகிற சலங்கைக் கால்களை வைத்தே வந்திருப்பது துரியோதனனா துச்சாதனனா என்று பிள்ளைகள் நாங்கள் பந்தயம் கட்டுவோம். கட்டியங்காரன் ஊர்ப் பெரிய மனிதர்களையே பேர் சொல்லிக் கிண்டல் செய்வான், அவர்களும் சிரித்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்கள். பகலில் அப்படி ஒரு வார்த்தை பேச ஊரில் யாருக்கும் துணிச்சல் கிடையாது.

நடுச்சாமத்தில் எப்படியோ தூங்கிப்போயிருப்பேன். அர்ச்சுனன் தபசு இரவென்றால் அத்தை உலுக்கி எழுப்புவாள்: ‘டேய், எழுந்திருடா, மரம் ஏறப் போறான்.’ வானம் வெளுக்கத் தொடங்கியிருக்கும். உயரமான மரமொன்றை நட்டு, படிக்குக் கட்டைகள் அடித்து வைத்திருப்பார்கள். அர்ச்சுனன் ஒவ்வொரு படியிலும் நின்று நின்று பாடிக்கொண்டு ஏறுவான். கீழே குழந்தை வரம் வேண்டிய பெண்கள் ஈரப் புடவையோடு காத்துக் கிடப்பார்கள். உச்சியிலிருந்து அவன் எலுமிச்சம்பழமும் விபூதியும் போடுவான். அந்தப் பழங்களில் ஒன்றையாவது கையில் பிடித்துவிட வேண்டும் என்பது அந்த வயதில் எனக்கிருந்த பெரிய ஆசை. கடைசி நாள் படுகளம். வெட்டவெளியில் களிமண்ணால் மல்லாந்து கிடக்கிற துரியோதனனின் பெரிய உருவத்தைச் சுற்றி வேஷக்காரர்கள் ஓடி ஓடிச் சண்டையிட, நாங்களும் பின்னாலேயே ஓடுவோம். பாஞ்சாலி கூந்தல் முடிந்தபின் சாயங்காலம் தீமிதி. உங்கள் ஊரில் இது கணியான் கூத்தாக இருந்திருக்கலாம், வில்லுப்பாட்டாக இருந்திருக்கலாம், வள்ளி திருமணம் நாடகமாக இருந்திருக்கலாம். கண்ணை எரிக்கும் அந்த விடியற்காலையும், நடந்து வீடு திரும்புகையில் காலில் ஒட்டிய குளிர்ந்த புழுதியும் உங்களுக்கும் இருந்திருக்கும்.

ஆனால் அந்தச் சாக்கு விரித்த இடத்தைப் பற்றி இன்னொன்றும் சொல்லியாக வேண்டும். யார் வேண்டுமானாலும் எங்கே வேண்டுமானாலும் விரித்துவிட முடியாது. சேரியிலிருந்து வந்தவர்கள் ஒதுங்கி நின்றுதான் பார்த்தார்கள், விடிய விடிய. விழாவுக்குப் பறையடித்தவர்கள் கோயில் வாசலைத் தாண்டியதில்லை. சாவுக்கும் சாமிக்கும் அவர்கள் அடித்தாக வேண்டும், அடித்ததற்குக் கூலியாகக் கிடைத்ததோடு கொஞ்சம் ஏச்சும் கிடைக்கும். எட்டு ஒன்பது வயதில் நான் அதைப் பார்த்தேன், உலகம் அப்படித்தான் என்று நினைத்தேன். எனவே பழைய இரவுகளை நினைத்து ஏங்கும்போதெல்லாம் அந்த ஓரத்தில் நின்றவர்களையும் சேர்த்தே நினைத்துக்கொள்கிறேன். அவர்களிடம் கேட்டால் அந்த இரவுகளைப் பற்றி வேறு ஒரு கட்டுரை கிடைக்கும்.

பூங்காவில் அந்த ஓரம் இல்லை. பறையடிக்கிறவர்கள் நட்டநடுவில் நின்றார்கள். அவர்களோடு பெண்களும் இடுப்பில் துண்டைக் கட்டிக்கொண்டு அடித்தார்கள். வட்டத்தில் முன்வரிசை முதலில் வந்தவருக்கு. கல்லூரிப் பிள்ளைகள் ஆட்டம் முடிந்ததும் ஓடிப்போய், எங்களுக்குக் கற்றுத்தருவீர்களா என்று கேட்டார்கள். இன்றைக்கு நகரத்தில் பறைப் பயிற்சி வகுப்புகள் நடக்கின்றன, கணினி வேலைக்குப் போகிறவர்கள் சனி, ஞாயிறுகளில் தோளில் பறையை மாட்டிக்கொண்டு போவதைப் பார்க்கிறோம். 2025இல் அலங்காநல்லூர் வேலு ஆசானுக்குப் பறையிசைக்காகப் பத்மஸ்ரீ விருது அறிவிக்கப்பட்டது. அதே பட்டியலில் தெருக்கூத்துக்காகப் புரிசை கண்ணப்ப சம்பந்தன். புரிசை எங்கள் பக்கத்து ஊர்தான். அவர் தந்தை கண்ணப்பத் தம்பிரான் ஆடிய களரிகளைப் பற்றி எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேசியதைக் கேட்டு வளர்ந்தவன் நான். அந்தச் செய்தியைப் பத்திரிகையில் படித்த காலை, அத்தை உயிரோடு இருந்திருக்கக் கூடாதா என்று இருந்தது.

ஓவியத்துக்கும் இதே கதைதான். படிக்க வந்த புதிதில் கிரீம்ஸ் சாலை லலித் கலா அகாதெமியின் வாசல் வரை போய், உள்ளே நுழையலாமா என்று தயங்கி நின்றிருக்கிறேன். யாரும் தடுக்கவில்லை. காசும் கேட்கவில்லை. ஆனாலும் அந்தக் கண்ணாடிக் கதவும், உள்ளே குசுகுசுவென்று பேசிக்கொண்டு நின்றவர்களின் ஆங்கிலமும், செய்யாற்றுப் பையனுக்கு இரண்டு ஆள் உயரச் சுவராக இருந்தன. பின்னால் சங்கமத்து மாலைகளில் பூங்கா நடைபாதையோரம் இளைஞர்கள் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து, எதிரில் வந்து நிற்பவரின் முகத்தை ஐந்து நிமிடத்தில் கரியால் வரைந்து கொடுத்துக்கொண்டிருந்தார்கள். ஓவியக் கல்லூரி மாணவர்கள் என்றார்கள். 1850இல் தொடங்கிய அந்தக் கல்லூரியைப் பேருந்தில் கடந்து போகாத சென்னைவாசி குறைவு, உள்ளே போனவர் அதைவிடக் குறைவு. அன்று பழ வண்டிக்காரர் ஒருவர் தன் முகம் தாளில் எழும்பி வருவதை அசையாமல் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் அதைச் சுருட்டி, வண்டியில் கொய்யாப்பழங்களின்மேல் பத்திரமாகப் படுக்கவைத்துத் தள்ளிக்கொண்டு போனார்.

இவ்வளவு கொடுத்த அந்த மாலைகள் ஒன்றை எடுத்துக்கொண்டன: நேரத்தை. விடிய விடிய ஆடுகிற கூத்துக்குப் பூங்காவில் கிடைத்தது முக்கால் மணி. அடுத்து கரகாட்டம், அதற்கடுத்து நையாண்டி மேளம், ஒன்பதரைக்கு எல்லாம் முடிய வேண்டும். ஒருமுறை ஆட்டம் முடிந்து, மரத்தடியில் தேங்காயெண்ணெய் தடவி அரிதாரத்தைத் துடைத்துக்கொண்டிருந்த கூத்துக்காரரோடு பேசிக்கொண்டிருந்தேன். செய்யாறு என்றதும் முகம் மலர்ந்துவிட்டது.

‘அண்ணே, தபசு பாக்கலாம்னு வந்தேன். பாதியிலயே நின்னுடுச்சே’ என்றேன்.

‘என்னாங்க பண்றது? முக்கா மணில அர்ச்சுனன் எங்கேர்ந்துங்க மரம் ஏறுவான்? ரெண்டாவது படியிலயே எறங்கச் சொல்லிட்டாங்க’ என்றார். சொல்லிவிட்டுக் கிரீடத்தையும் புஜக்கட்டைகளையும் ஒவ்வொன்றாகத் துணியில் சுற்றிப் பெட்டியில் வைத்தார். பிறகு, ‘ஆனா ஒண்ணுங்க, இத்தினி ஜனம் ஒரே எடத்துல நம்ம ஆட்டத்தைப் பாத்து எத்தினி நாளாச்சு’ என்றார். அந்த இரண்டையும் அவர் ஒரே குரலில்தான் சொன்னார்.

2011 ஜனவரி வரை பொங்கலோடு சங்கமமும் வந்தது. அந்த மே மாதம் ஆட்சி மாறியது. அடுத்த பொங்கலுக்குப் பூங்காக்கள் பழையபடி நடைப்பயிற்சிக்கு மட்டும் ஆயின. மீண்டும் வந்தது 2023 ஜனவரியில், ‘சென்னை சங்கமம் – நம்ம ஊரு திருவிழா’ என்ற பெயரில், 18 இடங்களில். நடுவில் பன்னிரண்டு ஆண்டுகள். 2011இல் கைக்குழந்தையாக இருந்த ஒரு சென்னைப் பிள்ளை, இந்த விழாவில் ஒரு தேவராட்டத்தைப் பார்க்க ஏழாம் வகுப்புக்கு வர வேண்டியிருந்தது. முதல் விழாவில் துள்ளிக் குதித்து ஆடிய இளைஞர்களுக்கு அதற்குள் மூட்டு வலி வந்திருக்கும். சிலர் ஆட்டத்தை விட்டு வேறு பிழைப்புக்குப் போயிருப்பார்கள். விழாவை எந்த ஆட்சி தொடங்கியது என்பது கரகக்காரருக்குத் தேவையில்லாத விவரம்; தை பிறந்தால் நாலு நாள் ஆட்டம் உண்டா என்பதுதான் அவருடைய கேள்வி. ஓர் ஊர்த் திருவிழாவை, அறங்காவலர் குழு மாறிவிட்டது என்பதற்காக நாம் நிறுத்துவதில்லை. இதையும் நிறுத்தக் கூடாது.

திரும்பி வந்த விழாவில் வெளிச்சம் கூடியிருக்கிறது. மேடை பெரிதாகி, இருபுறமும் திரைகள் வந்து, கூட்டத்தின் கடைசியில் நிற்பவருக்கும் புலியாட்டக்காரரின் வண்ணக் கோடுகள் தெளிவாகத் தெரிகின்றன. உண்மையிலேயே நல்ல காரியம். சாப்பாட்டுக் கடைகளில் எந்த மாவட்டத்து ருசியும் கிடைக்கிறது, சக்கர நாற்காலியில் வருகிறவருக்கும் வழி இருக்கிறது. ஆனால் மேடை உயர்ந்ததில் அந்த மூன்றடி தூரம் போய்விட்டது. கலைஞருக்கும் நமக்கும் நடுவில் ஒரு தடுப்புக் கம்பி. கம்பிக்கு இப்பால் உயர்த்திப் பிடித்த செல்பேசிகள். பக்கத்தில் ஒரு தகப்பனார் தோளில் மகனைத் தூக்கி வைத்திருந்தார். பிள்ளை மேடையைப் பார்க்காமல், முன்னால் இருந்தவரின் கைபேசிக்குள் சின்னதாக ஆடிக்கொண்டிருந்த மயிலைப் பார்த்துக்கொண்டிருந்தான். பறையடிக்கும்போது காற்று வந்து நெஞ்சில் மோதுமே, அது எந்தப் படத்திலும் பதிவாகாது. பக்கத்தில் நின்றால்தான் உண்டு.

விழா நடத்துகிறவர்களிடம் எனக்குப் பெரிதாகக் கேட்க ஒன்றுமில்லை. பதினெட்டு இடங்களில் ஒன்றே ஒன்றையாவது, நாலு நாளில் ஓர் இரவை மட்டுமாவது, கூத்துக்கு முழுசாகக் கொடுங்கள். பத்து மணிக்குத் திரை பிடிக்கட்டும், விடிகிறபோது அர்ச்சுனன் உச்சிப்படி ஏறி எலுமிச்சம்பழம் போடட்டும். ஒலிபெருக்கி வேண்டாம், அந்தக் குரல்கள் ஒலிபெருக்கிக்கு முன்னால் பிறந்தவை. உட்கார நாற்காலி வேண்டாம். குழுவின் பெயரை மட்டும் பலகையில் எழுதாமல், ஆடுகிற ஒவ்வொருவர் பெயரையும் ஊரையும் எழுதி வையுங்கள்.

வாசகர்களே, வரும் பொங்கலுக்கு உங்கள் பக்கத்துப் பூங்காவில் ஆட்டம் இருந்தால் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு சீக்கிரமே போங்கள். முன்னால் போய்த் தரையில் உட்காருங்கள், கைபேசியைப் பையில் வையுங்கள். முடிந்ததும் உடனே கிளம்பாமல் கலைஞர்களிடம் பேசுங்கள். அவர்கள் பெயரைக் கேளுங்கள், ஊரைக் கேளுங்கள், அந்த ஊரில் அடுத்த திருவிழா எப்போது என்று கேளுங்கள். அந்தத் தேதியைக் குறித்துக்கொண்டு போய், ஓர் இரவு முழுக்க உட்கார்ந்து பாருங்கள்.